கட்டை முதலில், கத்தரி பிறகு

நசுங்கிய காருக்குள் சிக்கியவரை மீட்கும் படம் நாளிதழில் வந்தால், தீயணைப்பு வீரர் கையில் இருப்பது பெரும்பாலும் இரும்பை வெட்டும் ஹைட்ராலிக் கத்தரிதான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கார்ப் பந்தய விபத்துகளை மனத்தில் வைத்து உருவாக்கி, பிறகு தீயணைப்பு நிலையங்களுக்குப் பரவிய ‘ஜாஸ் ஆஃப் லைஃப்’ வகைக் கருவி அது. விலை லட்சங்களில், கவர்ச்சியும் அதற்கேற்ப. ஆனால் அந்தக் கத்தரி தகரத்தைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது படத்தில் விழுவதில்லை. ஒருவர் மண்டியிட்டு வண்டிக்கடியில் கட்டை செருகுகிறார்; இன்னொருவர் சாய்ந்து கிடக்கும் வண்டிக்கு முட்டுக் கொடுத்து பெல்ட்டை இறுக்குகிறார். அதற்குப் பிறகுதான் மற்றவை. வண்டியை அசையாமல் நிறுத்தும் இந்த வேலைக்கு என்னென்ன கருவிகள் இருக்கின்றன, எது எங்கே கைகொடுக்கிறது, வல்லுநர்கள் எதில் முரண்படுகிறார்கள், நமக்கு இவற்றில் எது வேண்டும் என்று பார்ப்போம்.

மோதி நின்றுவிட்ட வண்டி ஏன் அசைய வேண்டும்? நாலு சக்கரத்தில் நிற்கும் காரே முழுதாக நின்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. அதன் உடல் ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கிறது; டயருக்குள் இருப்பதோ காற்று. ஒருவர் உள்ளே ஏறினால் தாழும், ஒருவரை வெளியே எடுத்தால் எழும், கதவைப் பிடித்து இழுத்தால் பக்கவாட்டில் ஆடும். அமெரிக்கப் பயிற்சி நூல்கள் இந்த அசைவுகளை ஐந்தாகப் பிரிக்கின்றன: முன்னும் பின்னும் உருளுதல், மேலும் கீழும் எழுந்து தாழ்தல், பக்கவாட்டில் புரளுதல், மூக்குக் குத்துதல், இருந்த இடத்திலேயே திரும்புதல். வெட்டும் வேலை தொடங்கியதும் ஆறாவது சிக்கல் ஒன்று சேர்கிறது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கூரையும் தூண்களும் தரையும் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. கூரையை எடுத்து இரண்டு நடுத் தூண்களையும் அறுத்துவிட்டால், தாங்க ஆளில்லாமல் காரின் நடுப்பகுதி தொய்கிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள், கார் பார்ப்பதற்கு நேராக நின்றாலும் நடுத் தூணுக்குக் கீழே ஒரு கட்டை வைக்காமல் கத்தரியைத் தொட மாட்டார்கள்.

முதலில் கருவியே இல்லாத வேலைகள் சில. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது, சாவியை அணைப்பது, ஹேண்ட்பிரேக்கைப் போடுவது, யாரும் வண்டி மேல் சாயாமல் பார்த்துக்கொள்வது. எளிமையானவை, ஆனால் கூட்டம் கூடிய இடத்தில் கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

கருவிகளில் மூத்தது மரக்கட்டை. இன்றும் அதற்குத்தான் முதலிடம். நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலம் என்று விற்கப்படும் கட்டை, இழைத்த பிறகு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அதை ஒன்றரை அடி, இரண்டடி நீளங்களில் அறுத்து, வரிசைக்கு இரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கினால் ஒரு கூண்டு கிடைக்கும். கட்டையும் கட்டையும் தொடும் இடங்கள் வரிசைக்கு நான்கு. மென்மர வகைகள் தம் இழைக்குக் குறுக்கே வரும் அழுத்தத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 500 பவுண்டு தாங்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு தொடுமிடமும் 6,000 பவுண்டு. நான்கும் சேர்ந்து 24,000 பவுண்டு. அதாவது ஏறத்தாழ 11 டன். வரிசைக்கு மூன்று கட்டை வைத்தால் தொடுமிடம் ஒன்பதாகிறது. தாங்கும் எடையும் 24 டன்னைத் தாண்டுகிறது. இந்தக் கணக்கு ஒன்று போதும், இந்த வேலையின் உள்ளுணர்வைப் புரிந்துகொள்ள: வலிமை கட்டையின் பருமனில் மட்டும் இல்லை, எடை எத்தனை இடங்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதில் இருக்கிறது. ஒரு முனை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் பெரிய மரத்துண்டு, நான்கு இடத்தில் தொடும் சிறு கூண்டுக்கு ஈடாகாது.

கூண்டுக்கு இன்னும் இரண்டு விதிகள். கட்டையின் முனை, அடுத்த கட்டையைத் தாண்டி ஒரு கட்டை அகலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எடை ஏறும்போது முனை பிளந்து உருளும். உயரம் அடி அகலத்தைப்போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது; சாய்வான தரையில் அதைவிடக் குறைவு. கட்டைக்கு வண்ணம் பூசுவதையும் பலர் ஏற்பதில்லை. வண்ணம் விரிசலை மறைக்கும், வழுக்கவும் செய்யும். நீளத்தை அடையாளம் காண முனையில் மட்டும் பூசிக்கொள்ளலாம்.

மரத்தின் பெரிய குணம் அது முன்கூட்டியே பேசுவது. எடை மீறும்போது முதலில் முனகும், பிறகு நசுங்கும், அதன் பிறகே உடையும். அந்த முனகல் கேட்டு விலகுவதற்குச் சில நொடிகள் கிடைக்கும். தேரோட்டத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. திருவாரூர் ஆழித்தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பிறகும் கட்டைக்காரர்கள் வேலை இழக்கவில்லை.

மரத்துக்குப் போட்டியாக வந்தது மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கட்டை. எண்ணெயும் பெட்ரோலும் ரத்தமும் மரத்துக்குள் ஊறும், பிளாஸ்டிக்கில் ஊறாது. கழுவி மறுபடி வைக்கலாம். பூச்சி அரிக்காது. தாங்கும் எடையும் கூடுதல். ஆனால் ஈரத்தில் வழுக்கும். அதற்காகவே மேற்பரப்பில் மேடும் பள்ளமுமாக வார்த்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளச் செய்கிறார்கள். வெயிலில் இளகும், குளிரில் இறுகும். எல்லை மீறினால் மரம்போல முனகாது. இரண்டையும் கலந்து வைத்திருக்கும் நிலையங்கள் நிறைய. என்னைக் கேட்டால், வாங்கும் பணம் அளவானது என்கிறபோது மரம்தான். பழுதான கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொன்றை அறுத்துக்கொள்ள மனசு தடுக்காது.

இவற்றின் இன்னொரு வடிவம் படிக்கட்டை. சிறு மாடிப்படிபோல் வெட்டிய கட்டை. வண்டிக்கடியில் நேராகத் தள்ளினால், ஏதோ ஒரு படி வண்டியின் அடிப்பகுதியில் போய் முட்டும். அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முன் சக்கரத்துக்குப் பின்னால் இரண்டு, பின் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு என நான்கு படிக்கட்டை, இடைவெளியை இறுக்கச் சில ஆப்புகள். இரண்டு பேருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாத வேலை. நாலு சக்கரத்தில் நிற்கும் காருக்கு, பெரும்பாலும் இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

படிக்கட்டை வைத்த பிறகு டயரின் காற்றைப் பிடுங்கலாமா என்பதில் நீண்ட காலமாக இரண்டு கட்சிகள். பிடுங்கினால் கார் தாழ்ந்து கட்டையின் மேல் உட்கார்ந்துவிடும், ஸ்பிரிங்கின் ஆட்டம் அடங்கும் என்கிறது ஒன்று. டயரின் காற்றழுத்தம் விபத்து விசாரணைக்குச் சாட்சி, அதை அழிக்காதீர்கள், ஆப்பை நன்றாக அடித்தாலே போதும் என்கிறது மற்றொன்று. இரண்டாவது கட்சியின் பக்கமே நியாயம் அதிகம். காற்றைப் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால், எந்த டயரை மீட்பவர்கள் காலி செய்தார்கள் என்று எழுதிக் காவல்துறையிடம் சொல்லிவிட வேண்டும்.

கார் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கும்போது கட்டை மட்டும் போதாது. அகலமாக நின்ற வண்டி இப்போது ஒடுக்கமான ஓரத்தில் நிற்கிறது. எடையின் மையம் உயரத்துக்குப் போய்விட்டது. தரையோடு உள்ள இடைவெளிகளில் ஆப்பும் கட்டையும் வைத்து முதலில் உருளாமல் செய்துவிட்டு, பிறகு முட்டுக்கம்பியைக் கொண்டுவருகிறார்கள். தொலைநோக்கிபோல் நீளும் எஃகு அல்லது அலுமினியக் கம்பி. ஒரு முனையில் தரையில் உட்காரும் தட்டு, மறுமுனையில் வண்டியைக் கவ்வும் கொக்கி அல்லது கூர்முனை. அடித்தட்டிலிருந்து ஒரு ராட்செட் பெல்ட் வண்டியின் கீழ்ப்பகுதிக்குப் போகிறது. கம்பி, பெல்ட், வண்டி மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். கம்பி தள்ளுகிறது, பெல்ட் இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்க்கும்போது வண்டி இருந்த இடத்தில் பூட்டப்படுகிறது. உண்மையில் வண்டியின் அடியை அகலமாக்கியதுதான் நடந்தது. அமெரிக்காவின் பாராடெக், ரெஸ்க்யூ 42, ரெஸ்-க்யூ-ஜாக், நெதர்லாந்தின் ஹோல்மாட்ரோ, ஜெர்மனியின் லூகாஸ் எனப் பல நிறுவனங்கள் பலவிதமாகச் செய்தாலும் தத்துவம் ஒன்றே. சிலவற்றில் கம்பியோடு ஜாக்கியும் சேர்ந்து வருவதால் முட்டுக் கொடுத்துக்கொண்டே தூக்கவும் முடியும்.

முட்டுக்கம்பி பார்ப்பதற்கு எளிது. தவறாக வைப்பதும் எளிது. தரையோடு அதன் கோணம் பொதுவாக 45 பாகைக்கும் 70 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். செங்குத்தாக நிறுத்தினால் மேலிருந்து வரும் எடையைத் தாங்கும், பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்காது. மிகவும் படுத்துவிட்டால் அடித்தட்டு சறுக்கிக்கொண்டு போகும். நீளம் இன்னொரு பொறி. ஒல்லியான கம்பி வளைந்து மடங்கும் எடை, நீளத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. கம்பியை இரண்டு மடங்கு நீட்டினால் தாங்கும் திறன் நான்கில் ஒன்றாகிவிடும். ஆகவே முழு நீளத்துக்கு இழுத்த கம்பியின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. மேல்முனை தகரத்தில் அல்லாமல் தூணிலோ சட்டத்திலோ உட்கார வேண்டும். ஆளை வெளியே எடுக்கப்போகும் வழியிலும், அறுக்கப்போகும் கூரையிலும் முட்டுக் கொடுத்துவிட்டுப் பாதி வேலையில் பிடுங்கி மாற்றுகிற நிலை வரக் கூடாது. பெல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் வண்டியே நகரும். கைக்கு இறுகினால் போதும்.

தலைகீழாகக் கிடக்கும் காருக்கு வேறு நியாயம். இன்ஜின் எடையால் முன்பக்கம் தாழ்ந்து, டிக்கிப் பக்கம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். முன் கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் ஏற்கெனவே மடங்கியிருக்கலாம். பானெட்டுக்கும் தரைக்கும் நடுவே கட்டையும் ஆப்பும், டிக்கியின் அடியில் இரண்டு முட்டுக்கம்பி: இதுதான் வழக்கமான ஏற்பாடு. உள்ளே சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறவரை அவிழ்ப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

தூக்குவதற்கு வந்த கருவிகளில் அதிசயமானது காற்றுப்பை. அராமிட் இழை பின்னிய ரப்பர் தட்டு. சுருங்கிய நிலையில் ஓர் அங்குலத் தடிமன்தான். வண்டிக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் உள்ளே தள்ளிவிடலாம். மூச்சுக்கருவி சிலிண்டரிலிருந்தே காற்று கொடுக்கலாம். 60 சென்டிமீட்டர் சதுரமுள்ள பையில் 8 பார் அழுத்தம் ஏற்றினால், கணக்குப்படி ஏறத்தாழ 29 டன் தூக்க வேண்டும். ஆனால் அது பை தட்டையாக இருக்கும் முதல் நொடிக்கான கணக்கு. உப்ப உப்ப அது தலையணை வடிவமாகி, தொடும் பரப்பு சுருங்கி, திறனும் இறங்கிக்கொண்டே வரும். உச்ச உயரத்தில் அது தூக்குவது சொன்னதில் ஒரு சிறு பங்கே. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் அடுக்கக் கூடாது, பெரியது கீழே இருக்க வேண்டும், சூடான சைலன்சரிலும் கூரான விளிம்பிலும் படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலான விதி: ஓர் அங்குலம் தூக்கினால் ஓர் அங்குலம் கட்டை. பை தூக்குகிற கருவி மட்டுமே. தாங்குவதற்குக் கட்டை பின்னாலேயே வந்துகொண்டிருக்க வேண்டும். கிரேனுக்கும் ஜாக்கிக்கும் இதே விதிதான்.

கனரக வண்டிகள் சேரும்போது எல்லாம் பெரிதாகிறது. லாரியின் பின்னால் கார் புகுந்துகொண்ட விபத்தில், எந்த வண்டியை நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். லாரியைத் தூக்கப்போவதாக இருந்தால் முதலில் லாரிச் சக்கரங்களுக்குக் கட்டை, பிறகு சட்டகத்தின் அடியில் கூண்டு. காரைச் சங்கிலியால் கட்டி, லாரியோடு சேர்ந்து அதுவும் எழும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கொண்டிருந்தால், சங்கிலியாலும் பெல்ட்டாலும் ஒன்றாகக் கட்டி ஒரே வண்டியாகப் பாவிப்பது இன்னொரு வழி. லாரியின் ஸ்பிரிங் இங்கே ஏமாற்றும். சட்டகத்தைத் தூக்கத் தூக்க ஸ்பிரிங்தான் விரியும், சக்கரம் தரையிலேயே இருக்கும். அச்சையும் சட்டகத்தையும் சங்கிலியால் பிணைத்துவிட்டால் தூக்கும் உயரம் வீணாகாது.

மின்சாரக் கார்கள் பழைய பாடத்தைச் சற்றுத் திருத்தியிருக்கின்றன. அவை சத்தமில்லாமல் ‘ஓடத் தயார்’ நிலையில் நிற்கும். யாராவது பெடலில் கால் வைத்தால் நகரும். எனவே சக்கரத்துக்குக் கட்டை போடுவது முதல் நொடி வேலையாகிறது. தரை முழுக்கப் பேட்டரி. எடை 300 கிலோவிலிருந்து 500 கிலோவையும் தாண்டும். அதன் மேல் ஜாக்கியையோ முட்டுக்கம்பியின் கூர்முனையையோ காற்றுப்பையையோ வைத்தால் விபத்துக்குள் இன்னொரு விபத்து. எந்த மாடலில் எங்கே தாங்கலாம் என்பதை வரைபடமாகத் தரும் மீட்புத் தாள்களுக்கு ஐஎஸ்ஓ 17840 என்ற பன்னாட்டுத் தரம் உண்டு. ஐரோப்பாவில் யூரோ என்கேப் அமைப்பும், தீயணைப்புத் துறைகளின் பன்னாட்டுக் கூட்டமைப்பான சிடிஐஎஃப்பும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட ‘யூரோ ரெஸ்க்யூ’ செயலி அவற்றைக் கைப்பேசியிலேயே காட்டுகிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் மாடல்களுக்கும் இத்தகைய தாள்கள் தமிழில் கிடைத்தால் நல்லது.

இவ்வளவு கருவியும் எதற்காக? பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட விடை, முதுகெலும்பு. காயம்பட்டவரின் கழுத்தும் முதுகும் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது, எனவே வண்டி பாறைபோல் நிற்க வேண்டும், கூரையைக் கழற்றி ஆளைப் பலகையில் நேராக எடுக்க வேண்டும். இந்த நம்பிக்கையைத்தான் பிரிட்டனின் எக்ஸிட் ஆய்வுகள் அசைத்துவிட்டன. டிம் நட்பீம் என்ற அவசர மருத்துவர் தலைமையிலான குழு, 63,625 விபத்து நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டது. வண்டிக்குள் சிக்கியவர்களில் 8.9 சதவீதம் பேர் இறந்தார்கள். சிக்காதவர்களில் 5 சதவீதம். தண்டுவடக் காயமோ 0.71 சதவீதம் மட்டுமே. அதற்கு முன்பே, 2014இல் வெளியான அயர்லாந்தின் சிறு ஆய்வொன்று, கருவிகளால் எடுக்கும்போது ஏற்படும் கழுத்து அசைவு, ஆள் தானாகவே கவனமாக இறங்கும்போது ஏற்படுவதைவிட நான்கு மடங்கு வரை அதிகம் என்று காட்டியிருந்தது. தண்டுவடத்தைக் காப்பதாக நினைத்து அரைமணி நேரம் உழைக்கும்போது, உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் கட்டையும் முட்டும் வேண்டாமா? இந்த முடிவுக்குத் தாவுபவர்கள் தவறு செய்கிறார்கள். வண்டியை நிறுத்துவதற்கான காரணம் மாறுகிறதே தவிர, தேவை மறையவில்லை. பக்கவாட்டில் நிற்கும் கார் புரண்டால் நசுங்குவது உள்ளிருப்பவர் மட்டுமல்ல, ஜன்னல் வழியே தலையை விட்டிருக்கும் வீரரும்தான். காலின் மேல் கிடக்கும் வண்டி தூக்கும்போது சறுக்கினால் கால் போய்விடும். கொடுக்க வேண்டியது அந்த ஆபத்துக்குப் போதுமான நிறுத்தம். நேராக நிற்கும் காரிலிருந்து நினைவோடு இருப்பவர் கதவு வழியாகத் தானே இறங்க முடியுமானால், சக்கரத்துக்குக் கட்டையும் ஹேண்ட்பிரேக்கும் போதும். சுற்றிலும் கூண்டு அடுக்கி அழகு பார்க்கத் தேவையில்லை. கவிழ்ந்த காரிலோ அவசரம் காரணமாக முட்டைத் தவிர்ப்பது மன்னிக்க முடியாதது. விரைவாகப் போடக்கூடிய கருவி இந்தப் புதிய பார்வையில் இன்னும் மதிப்புப் பெறுகிறது. படிக்கட்டையை எதுவும் வெல்ல முடியாத இடம் இதுதான்.

நம் பக்கம் வருவோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கருவிகளால் பயனில்லை. ஆனால் நெடுஞ்சாலையோரம் நிறுத்திய லாரிக்குள் கார் புகுவதும், பேருந்து பள்ளத்தில் சாய்வதும் நமக்கு அரிதான செய்திகள் அல்ல. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காயம்பட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரமாக வரையறுத்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. மருத்துவமனை வாசலுக்குப் பிறகான வழி சீராகியிருக்கிறது. வண்டியிலிருந்து ஆள் வெளியே வரும் வரையான வழிதான் இன்னும் மேடுபள்ளம்.

அந்த வழியில் முதலில் நிற்பது தீயணைப்பு வண்டி அல்ல, ஊர் மக்களும் ஜேசிபியும்தான். நல்ல மனத்தோடு இருபது பேர் சேர்ந்து காரை நிமிர்த்துகிறார்கள். உள்ளே இருப்பவர் அந்தப் புரட்டலில் இரண்டாம் முறை அடிபடுகிறார். ஜேசிபி கை தூக்குகிறது. தூக்கிய இடைவெளியில் கட்டை வைக்க யாரும் இல்லை. வண்டியை நிமிர்த்தாமல், சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியை அணைத்து, மேலே ஏறாமல், இருக்கும் நிலையிலேயே இறுக்கி நிறுத்தினால் அதுவே பெரிய உதவி. தீயோ புகையோ தெரிந்தால் மட்டும் இந்த வரிசை மாறும்.

கருவி வாங்கும்போது நம் வழக்கம் மேலிருந்து தொடங்குவது: முதலில் கத்தரி, பிறகு காற்றுப்பை, கட்டைக்குப் பட்டியலில் இடமே இருக்காது. தலைகீழாக மாற்ற வேண்டும். நான்கு படிக்கட்டை, ஒன்றரை அடி நீளத்தில் இருபத்துநான்கு சதுரக் கட்டை, ஒரு சாக்கு ஆப்பு, நான்கு ராட்செட் பெல்ட், இரண்டு முட்டுக்கம்பி. முட்டுக்கம்பியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உள்ளூர் மர அறுவைப் பட்டறையிலும் லாரி உதிரிபாகக் கடையிலும் வாங்கிவிடலாம். இதை நெடுஞ்சாலையோரத் தீயணைப்பு நிலையங்களின் எல்லா வண்டிகளிலும், சுங்கச்சாவடிகளில் நிற்கும் மீட்பு வண்டிகளிலும் கட்டாயமாக்குங்கள். கிரேன், ஜேசிபி ஓட்டுநர்களுக்கு ‘ஓர் அங்குலம் தூக்கு, ஓர் அங்குலம் கட்டை வை’ என்ற ஒரே விதியை மாவட்டந்தோறும் ஒரு நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். கத்தரிக்கான அடுத்த டெண்டர் அதற்குப் பிறகு வரட்டும்.